விடுவதற்காக வளர்த்தவர்கள்

 



2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு ஒரு விருந்தாளி வந்தது. அது ஒரு வெண்முதுகுப் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்வோமே, அந்த இனம். அதன் முதுகில் சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. என்-11 என்பது அதன் அடையாள எண். மகாராஷ்டிர மாநிலத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில் அதே ஆண்டு ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட அப்பறவை, மாநிலம் விட்டு மாநிலம் கடந்து, சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து தமிழகம் சேர்ந்தது. நெடும்பயணத்தில் களைத்திருந்த அது நம் மாவட்டத்தில் வனத்துறையினரின் கவனிப்புக்கு வந்தது.

செய்தியைப் படித்த பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், வளர்த்தவங்களே ஏன் அதைத் திறந்து விட்டாங்க? விடுறதுக்கா இவ்வளவு செலவு செஞ்சு வளர்த்தாங்க?”

எளிய கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு நீண்ட வரலாறும், மார்க்கத்தின் ஒரு பெரும் பாடமும் அடங்கியிருக்கின்றன. என் சொந்த வாழ்வில் நான் செய்த ஒரு தவறும் அதில் அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்தத் தாய்ப்பறவையின் முறையீடு

பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும், இரு இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருக்குர்ஆன் 6:38 வசனம் நமக்கு உணர்த்துகிறது. சமுதாயம் என்றால் அதற்கென ஒரு வாழ்க்கை முறை உண்டு. தாய் தந்தை உண்டு. பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டிய கல்வி உண்டு.

அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணம் ஒன்றில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையையும் அதன் இரு குஞ்சுகளையும் கண்டார்கள். குஞ்சுகளை எடுத்துக் கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் துடித்தது. சற்று நேரத்தில் அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் எனக் கேட்டு, அவற்றைத் தாயிடமே திருப்பித் தருமாறு பணித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். அத்தோழர்கள் குஞ்சுகளைக் கொல்லவில்லை. ஒருவேளை அன்போடுகூட எடுத்திருக்கலாம். ஆயினும் அன்பு மட்டும் போதாது. உரியதை உரிய இடத்தில் சேர்ப்பதே நீதி என்பது அங்கே உணர்த்தப்பட்டது.

அப்படியானால் பறவை வளர்ப்பதே கூடாதா? அப்படியும் இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத்தம்பி அபூஉமைர் ஒரு குருவியை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நபியவர்கள் அந்தப் பிள்ளையிடம் பரிவோடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இதிலிருந்து, உணவும் நீரும் தந்து துன்புறுத்தாமல் வைத்திருப்பது ஆகும் என்று சட்ட அறிஞர்கள் விளக்கினார்கள். பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்ததே. அவள் மீது சுமத்தப்பட்ட குற்றத்தை நுணுக்கமாகக் கவனியுங்கள். அவள் தானும் உணவளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள விடவும் இல்லை. அடைத்து வைப்பவர் மீது இரண்டு கடமைகள் உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது: ஒன்று ஊட்டுவது, மற்றொன்று விடுவது. மனிதர்கள் வேட்டைப் பறவைகளை வளர்த்த வரலாறு முழுவதும் இவ்விரு கடமைகளுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது.

பாலைவனத்துப் பாடசாலை

பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தரும் இரையை உண்ணலாம் என 5:4 வசனம் அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இதைப் பற்றி நபியவர்களிடம் பலமுறை விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்த வசனத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அப்பிராணிகளுக்கு நீங்கள் கற்றுக் கொடுப்பது, அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்தே என்று நினைவூட்டப்படுகிறது. அதாவது, பயிற்றுவிப்பவனும் ஒரு மாணவனே!

அரபுகளுக்கு வல்லூறு ஆடம்பரப் பொருளாக வரவில்லை. வறண்ட பாலையில் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவரும் துணையாகவே வந்தது. குளிர்காலத்துக்கு முன் வடக்கிலிருந்து வலசை வரும் வல்லூறுகளைப் பதுஊன்கள் பிடிப்பார்கள். இரண்டு மூன்று வாரங்கள் இரவும் பகலும் கையில் ஏந்திப் பழக்குவார்கள். குளிர்காலம் முழுக்க அது கவுதாரிகளையும் முயல்களையும் வீழ்த்தித் தரும். கோடை நெருங்கியதும் என்ன செய்வார்கள் தெரியுமா? திறந்து விட்டுவிடுவார்கள்! பாலையின் கொடும் வெயிலில் அதைக் காப்பது கடினம். பறவையும் தன் இனத்தோடு சேர்ந்து வடக்கே சென்று குஞ்சு பொரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் புதிய பறவை, மீண்டும் புதிய பயிற்சி. பெற்றுக்கொண்டதைத் திருப்பித் தந்து வாழ்ந்த அந்த ஏழை மக்களின் வழக்கத்தில் ஒரு பெரிய ஒழுங்கு இருந்தது.

இக்கலையை நூலாக்கியவர்களும் முஸ்லிம்களே. உமய்யாக்களின் இறுதிக் காலத்தையும் அப்பாஸியர்களின் தொடக்கத்தையும் கண்ட அல்கித்ரீஃப் இப்னு குதாமா அல்கஸ்ஸானி அவர்களின் பெயரால் வேட்டைப் பறவைகளின் வளர்ப்பையும் நோய்களையும் பற்றிய மிகப் பழைய அரபு நூல் ஒன்று வழங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அரபு நிபுணர்களை அழைத்து வைத்துக் கற்றார். அரபு நூலை லத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தார். பறவையின் தலைக்கு இடும் கண்மூடித் தொப்பியை அரபுகளிடமிருந்தே கற்றதாக அவரே எழுதி வைத்தார். ஐரோப்பா நம் முன்னோரிடம் மருத்துவமும் கணிதமும் மட்டும் கற்கவில்லை, சகோதரர்களே!

ஐரோப்பியர்கள் இதில் தாங்களும் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். கூட்டிலிருந்து எடுத்த குஞ்சை வீட்டுக்குள் வைத்து வளர்க்காமல், உயரமான திறந்த இடத்தில் ஒரு பெட்டியில் வைத்தார்கள். நாள்தோறும் இரையை அங்கே வைத்தார்கள். இறக்கை முளைத்ததும் குஞ்சு விருப்பம்போல் பறக்கும். பசித்தால் பெட்டிக்குத் திரும்பும். சில வாரங்களில் தானே வேட்டையாடத் தொடங்கும். அந்நேரம் பார்த்து அதைப் பிடித்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்துவார்கள். சுதந்திரத்தைச் சுவைக்க விட்டு, பிறகு பறித்துக்கொள்ளும் முறை அது.

கடைசிப் படி மாறியது

20ஆம் நூற்றாண்டில் அந்தக் கடைசிப் படி மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, சிறு பறவைகள் வழியாக வல்லூறுகளின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையாலேயே முட்டைகள் நொறுங்கின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொரி வல்லூறு அடியோடு அற்றுப்போயிற்று.

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் கேட், வல்லூறு வளர்ப்புக் கலையிலும் தேர்ந்தவர். 1970இல் பெரக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். கூண்டில் முட்டையிடச் செய்து, சுமார் ஐந்து வார வயதான குஞ்சுகளை மலை முகடுகளிலும் கோபுரங்களிலும் முன்புறம் கம்பியிட்ட பெட்டிகளில் வைத்தார்கள். இரை ஒரு குழாய் வழியாக உள்ளே விழும். போடும் மனிதரைக் குஞ்சு பார்க்கவே கூடாது! ஒரு வாரம் கடந்ததும் கம்பிக் கதவு திறக்கப்படும். அதன்பின் ஒரு மாதத்துக்கும் மேலாக, பறக்கவும் பிடிக்கவும் அது தானே கற்கும்வரை, இரை வைப்பது நிற்காது. பழைய முறையேதான். ஆனால் மீண்டும் பிடிக்கும் அந்தக் கடைசிப் படி மட்டும் இல்லை. டி.டி.டி. 1972இல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. அந்த அமைப்பு 4,000க்கும் மேற்பட்ட வல்லூறுகளை இவ்வாறு விடுவித்தது. 1999இல் அப்பறவை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

நம் தமிழர்கள் வாழும் மொரீஷியஸ் தீவிலும் இதுவே நடந்தது. அங்கு மட்டுமே வாழும் சிறு வல்லூறு இனத்தில் 1974இல் காட்டில் அறியப்பட்டவை வெறும் நான்கு. முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, வளர்த்து, 1990களின் நடுப்பகுதிக்குள் 300க்கும் மேற்பட்ட பறவைகளை விடுவித்தார்கள். நான்கிலிருந்து நூற்றுக்கணக்கில்! அல்லாஹ் நாடினால் மீட்சிக்கு நான்கும் போதும்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் அபூதபியிலும் துபாயிலும் பணிபுரிகிறார்கள். அங்கே வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டு உண்டு, தனி மருத்துவமனை உண்டு என்று ஊருக்கு வரும்போது வியந்து சொல்வார்கள். 1995இல் ஷைகு ஸாயித் அவர்கள் தொடங்கிய விடுவிப்புத் திட்டத்தைப் பற்றியும் அவர்கள் சொல்ல வேண்டும். வேட்டைக் காலம் முடிந்ததும் பறவைகளைப் பரிசோதித்து, உடல் தேற்றி, அடையாள வளையமிட்டு, அவை வலசை செல்லும் வழியிலுள்ள பாகிஸ்தான், ஈரான், கஸகஸ்தான் போன்ற நாடுகளில் விடுகிறார்கள். இதுவரை 2,000க்கும் மேற்பட்டவை விடப்பட்டுள்ளன. பதுஊன் முன்னோர்கள் கோடையில் செய்ததை அவர்களின் பேரர்கள் திட்டமாக்கியிருக்கிறார்கள்.

தில்லியின் இரு சகோதரர்கள்

நம் நாட்டிற்கு வருவோம். பழைய தில்லியில் வானத்துப் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை ஸதகாவாக வீசும் வழக்கம் முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக உண்டு. அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள் நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மத் சவூத் என்ற இரு சகோதரர்கள். இளமையில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். இறைச்சி உண்ணும் பறவை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த வருத்தம் உள்ளத்தில் தங்கிவிட்டது. உடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டிருந்த அவர்கள், தசையையும் நரம்பையும் பற்றித் தங்களுக்குத் தெரிந்த அறிவையே முதலாக வைத்து, வீட்டிலேயே பறவைகளுக்குச் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். 2010இல் வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ என்ற அமைப்பை உருவாக்கினார்கள்.

அவர்களிடம் வரும் பருந்துகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலால் இறக்கை அறுபட்டவை. சுதந்திர தினத்தையொட்டிப் பட்டம் விடும் ஆகஸ்ட் மாதத்தில் அவை குவியும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளும் வரும். வீட்டின் அடித்தளத்தில் மருத்துவம், மொட்டை மாடியில் கூண்டு. தேறியவை திரும்ப வானேறும். இப்படி 20,000க்கும் மேற்பட்ட பறவைகள் அவர்கள் கைகளைக் கடந்து சென்றுள்ளன. 2022இல் ஷௌனக் சென் இவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் கான் விழாவில் விருது பெற்று, ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை சென்றது. விருதுக்காகச் செய்யவில்லை அவர்கள். விருது என்று ஒன்று வரும் என அறியாமலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்தார்கள்.

இந்த இடத்தில் மார்க்கம் கற்ற ஒரு வாசகர் குறுக்கிடலாம். “ஹரம் எல்லையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்கிழைக்கும் பிராணிகளில் பருந்தும் ஒன்று என்று ஹதீஸ் உள்ளதே! அதற்கு வைத்தியம் பார்ப்பது எப்படி நன்மையாகும்?”

நியாயமான கேள்வி. அந்த ஹதீஸ் ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது, ஆதாரப்பூர்வமானது. ஆனால் அது தீங்கைத் தடுப்பதற்கான அனுமதி. கோழிக்குஞ்சையும் இறைச்சியையும் பறித்துச் செல்லும் பறவையிடமிருந்து தன் பொருளைக் காத்துக்கொள்ளும் சலுகை. வதைப்பதற்கான அனுமதி அன்று. கொல்ல நேரும் இடத்திலும் அழகிய முறையைக் கையாள வேண்டும் என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டே! உயிருள்ளதைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடிந்ததையும் நாம் படித்திருக்கிறோம். எவருக்கும் தீங்கு செய்யாமல் வானத்தில் மிதந்த பறவையின் இறக்கையை நம் பொழுதுபோக்கு நூல் அறுத்துவிட்டது என்றால், அங்கே தீங்கிழைத்தவர் யார்? பருந்தா, நாமா? ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் நற்கூலி உண்டு என்ற நபிமொழி, உண்ணத் தகுந்த உயிர், தகாத உயிர் எனப் பிரித்துப் பேசவில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்ததே!

பிஞ்சோரில் கற்ற பொறுமை

இப்போது நம் விருந்தாளியின் பிறந்தகத்துக்குச் செல்வோம். 1990களில் இந்தியாவின் பாறு கழுகுகள் திடீரென மடிந்து விழத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு, 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றே மிஞ்சும் அளவுக்குக் குறைந்தது. காரணம் புரியாமல் அறிஞர்கள் திகைத்தனர். பாகிஸ்தானில் ஆய்வு செய்த பெரக்ரின் ஃபண்ட் குழுவினர் 2004இல் விடையை வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற ஊசி மருந்தே அது. ஊசி போட்ட சில நாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிடப்பட்டது. இரக்கத்தோடு மாட்டுக்குப் போட்ட மருந்து வானத்தையே காலி செய்துவிட்டது!

அதன் விளைவு மனிதனையும் விடவில்லை. செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனித மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று நாம் மிம்பரில் சொல்வதைக் கணக்குப் போட்டுக் காட்டியது அந்த ஆய்வு.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் ஹரியானா வனத்துறையும் இணைந்து 2001இல் பிஞ்சோரில் பாறுகளுக்கான பராமரிப்பு மையம் அமைத்தன. 2004இல் அது இனப்பெருக்க மையமாயிற்று. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அடைகாக்கும். குஞ்சு பறக்க நான்கு மாதங்கள், பருவம் எய்த ஐந்து ஆண்டுகள். எனவே அவசரத்துக்கு அங்கே இடமில்லை. நூறடி நீளமுள்ள பெருங்கூண்டுகளில் கூட்டமாக வாழவிட்டார்கள். முதல் முட்டையை எடுத்துப் பொரிப்பான் கருவியில் வைத்தால் தாய் இன்னொரு முட்டை இடும் என்பதைப் பயன்படுத்திக் கொண்டார்கள். உணவாகும் ஆடுகளைக்கூட ஒரு வாரத்துக்கு மேல் தங்களிடம் வைத்திருந்து, உடலில் அந்த மருந்து இல்லை என்று உறுதியான பிறகே அறுத்தார்கள். மனிதர் முகம் தேவையின்றித் தெரியாதபடி காமிரா வழியே கவனித்தார்கள். 2008இல் வெண்முதுகுப் பாறுக் குஞ்சு வெற்றிகரமாக வளர்ந்தது. இன்று அம்மையத்தில் 300க்கும் மேற்பட்ட பாறுகள் உள்ளன.

ஆனால் விடவில்லை! ஏன்? வெளியே உலகம் இன்னும் நஞ்சாக இருந்தது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள்; 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2016இல் இரண்டு இமயமலைப் பாறுகளை விட்டுப் பார்த்தார்கள். 2020 அக்டோபர் 8 அன்றுதான் எட்டு வெண்முதுகுப் பாறுகளுக்குக் கதவு திறந்தது. வளர்ப்பது மட்டும் பொறுப்பன்று. விடும் இடத்தைச் சீராக்குவதும் பொறுப்பு என்பதற்கு அந்தப் பதினாறு ஆண்டுக் காத்திருப்பே சான்று. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. 2024 ஜனவரியில் பிஞ்சோரிலிருந்து இருபது பறவைகள் மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்கும் பெஞ்சுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்றே நம் என்-11.

அந்தப் பறவைகள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. சில இறந்தன. வளர்த்தவர்கள் வருந்தினார்கள், ஆனால் மற்றவற்றை மீண்டும் பூட்டி வைக்கவில்லை.

என் கைகளில் இறந்த குஞ்சு

இனி என் தவறைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம். குன்றாண்டார்கோவில் பக்கம் சாலையோரப் புளியமரம் ஒன்று வெட்டப்பட்டது. மக்தபில் ஓதும் பிள்ளைகள் ஒரு பருந்துக் குஞ்சைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார்கள். “ஹஜ்ரத், உயிரோட இருக்கு ஹஜ்ரத்!” அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அதற்கு முந்தைய ஜும்ஆவில்தான் உயிர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிப் பேசியிருந்தேன்.

கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தில் அதை வைத்தோம். எலும்பு நீக்கிய நல்ல கறியை நானே நறுக்கி ஊட்டினேன். என் காலடி ஓசை கேட்டாலே வாய் திறந்து கத்தும். பிள்ளைகள் சுற்றி அமர்ந்து பெயர் சொல்லி அழைப்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. அந்த நாட்களில் குன்றின் மேல் இரண்டு பருந்துகள் ஓயாமல் வட்டமிட்டுக் கொண்டிருந்தன. நான் அண்ணாந்து பார்த்தேன், ஆனால் சிந்திக்கவில்லை.

ஒரு மாதத்தில் அதன் கால்கள் வளைந்தன. நிற்க முடியவில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது அவர் அமைதியாகச் சொன்னார்: வளரும் வேட்டைப் பறவைக்கு எலும்போடு கூடிய முழு இரை தேவை, வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை, அதனால் எலும்பு மென்மையாகி வளைந்துவிட்டது. தவிர, மனிதரையே பார்த்து வளர்ந்ததால் அது தன்னை யாரென்றே அறியாது. கால் நன்றாக இருந்தாலும் காட்டில் பிழைத்திருக்காது. முதல் நாளே பக்கத்து மரத்தில் ஒரு கூடையில் வைத்துக் கட்டியிருந்தால், தாய் தேடி வந்து ஊட்டியிருக்கக்கூடும் என்றார்.

மூன்றாம் நாள் அது இறந்தது. பிள்ளைகள் அழுதார்கள். நல்ல கறியைத்தானே கொடுத்தோம் என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அபூதாவூதின் அந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியவன் நான். ஆசிரியரிடம் விளக்கம் கேட்டு எழுதியவன் நான். குன்றின் மேல் வட்டமிட்ட அந்த இரண்டு பறவைகள் என்ன கேட்டன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பெற்றோர்களே!

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆம், விடுவதற்காகத்தான் வளர்த்தார்கள். நாமும் அதற்காகத்தான் வளர்க்கிறோம். நம் பிள்ளைகள் நமக்குச் சொந்தமல்லர், அமானிதங்கள். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழியின் கருத்து. எலும்பில்லாத கறியை ஊட்டுவதுபோல், சிரமமே இல்லாத வாழ்வைப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். பிறகு ஊர் விட்டு ஊர் செல்லும்போது அவன் நிற்க முடியாமல் தவித்தால் யாரைக் குறை சொல்வது? இன்னொரு பக்கம், பயிற்சியே தராமல் நேராகக் கதவைத் திறந்து விடுபவர்களும் உண்டு. பெட்டிக்குத் திரும்பினால் இரை உண்டு என்று அந்த வல்லூறுக் குஞ்சுக்குத் தெரிந்திருந்தது. தவறி விழுந்தால் வீட்டுக்கு வரலாம் என்று நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? மேலும், பிள்ளை வெளியேறப்போகும் தெருவில் என்ன நஞ்சு இருக்கிறது என்று பார்க்காமல், வீட்டுக்குள் மட்டும் ஒழுக்கம் போதித்தால் போதுமா?

செயலுக்கு உரிய சில செய்திகளையும் சொல்லி முடிக்கிறேன். கூட்டிலிருந்து விழுந்த பருந்துக் குஞ்சையோ ஆந்தைக் குஞ்சையோ கண்டால், காயம் இல்லையெனில் அதே மரத்தில் அல்லது அருகில் உயரமான இடத்தில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான எண்ணம். காயம்பட்டிருந்தால் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பாலோ சோறோ புகட்டாமல், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். ஆடு மாடு வளர்ப்போர், ஊசி போடும்போது மருத்துவரிடம் மெலாக்சிகாம் போன்ற பாறுகளுக்குத் தீங்கில்லாத மருந்தைக் கேளுங்கள். பிள்ளைகள் கையில் மாஞ்சா நூல் இருந்தால் இன்றே வாங்கி எரித்துவிடுங்கள்.

தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து 2023 டிசம்பரில் எண்ணப்பட்ட பாறுகள் 320 மட்டுமே. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் அவற்றின் கூடுகள் இன்னும் உள்ளன. வளர்ப்புப் பறவை ஒன்று நம் மாவட்டம் வரை பறந்து வந்ததே, அது நம்மிடம் என்ன கேட்டது? வானத்தைத் தூய்மையாக வைத்திருங்கள், நான் வருகிறேன் என்பதைத் தவிர வேறென்ன?

இன்றும் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வரும்போது குன்றின் மேல் பருந்துகள் வட்டமிடுகின்றன. மக்தப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் அவர்களிடம் அந்தப் பஞ்சாரத்தின் கதையை ஒவ்வோர் ஆண்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

யா அல்லாஹ்! நீ எங்களிடம் ஒப்படைத்தவற்றை உரிய முறையில் வளர்க்கவும், உரிய நேரத்தில் உரிய இடத்தில் விடவும் எங்களுக்கு அறிவையும் பொறுமையையும் தந்தருள்வாயாக! அறியாமல் நாங்கள் செய்த அநீதிகளை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.